டிராயருக்குள் அடித்த போன்

என் நாற்காலிக்கு வந்திருக்கும் டாக்டர் பிரபு மாசிக் கடைசியில் ஒரு நாள் அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஓர் அறக்கட்டளையின் இயக்குநரை ‘வந்தார்’ என்றுதான் எழுத வேண்டும். ஆனால் முட்டியில் தட்டும் சுத்தியலை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் என் முன்னால் அவன் விழித்துக்கொண்டு நின்ற நாள் இன்னும் கண்ணில் இருக்கிறது. மரியாதை மனதில் உண்டு. எழுத்தில் வரமாட்டேன் என்கிறது.

இரண்டு காரியமாக வந்திருந்தான். ஒன்று, அறக்கட்டளையின் ஆண்டு மலருக்கு நான் என் அனுபவத்தை எழுதித் தர வேண்டும். “பெரிசா ஒண்ணும் வேணாம் மேடம். நரம்பியலுக்கு எப்படி வந்தீங்க, என்னென்ன ஆய்வு பண்ணீங்க, புதுசா வர்ற டாக்டர்களுக்கு என்ன சொல்றீங்க, அவ்வளவுதான்” என்றான். இரண்டாவது காரியத்தைக் காபி குடித்து முடித்த பிறகுதான் எடுத்தான்.

“நம்ம ஆய்வுப் போனை ஒரு கால் சென்டர்கிட்ட விட்டுடலாம்னு பாக்குறோம். எப்பவும் ஆள் இருப்பாங்க. நாங்க முறை போட்டுப் பாக்கெட்ல தூக்கிக்கிட்டு அலைய வேணாம். நீங்க என்ன சொல்றீங்க?”

எழுதித் தருகிறேன், அதில் இருக்கும் என்றேன். ஆகவே இது அவன் கேட்ட கட்டுரை இல்லை. அவன் கேட்ட மூன்றையும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நரம்பியலுக்கு வந்தது, அந்த வருடம் இதய மருத்துவத்தில் எனக்கு இடம் கிடைக்காததால். செய்த ஆய்வுகள் பதினொன்று. அவற்றில் இரண்டு உருப்படியானவை. புதிதாக வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு போனைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் அசோக் நகரில் வளர்ந்தவள். அப்பா அரசு அலுவலகத்தில் சூப்பரிண்டெண்ட். எம்.பி.பி.எஸ்., எம்.டி., பிறகு நரம்பியல் என்று பதினோரு வருடம் புத்தகமும் வார்டுமாகப் போயிற்று. அந்தக் காலத்தைப் பற்றிச் சுவாரசியமாகச் சொல்ல எனக்கு எதுவும் ஞாபகமில்லை. தூக்கம் வந்ததுதான் ஞாபகம் இருக்கிறது. அதன் முடிவில் பேராசிரியர் ஞானப்பிரகாசத்தின் யூனிட்டில் போய் விழுந்தேன்.

அவர் சாந்தோம்காரர். வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள். இவர் ஒருவர்தான் தப்பித்து டாக்டரானவர் என்று அவரே சொல்வார். தப்பிக்கவில்லை என்பது அவரிடம் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். நோயாளி உட்காரும்வரை அவர் உட்கார மாட்டார். கதவிலிருந்து நாற்காலிவரை நோயாளி நடந்து வரும் பத்தடியைப் பார்க்காமல் ஃபைலைத் திறந்தால் கையிலிருந்து பிடுங்கிவிடுவார். “பயப்படாதீங்க” என்ற வார்த்தையை எந்த நோயாளியிடமும் அவர் சொல்லிக் கேட்டதில்லை. “பயமா இருக்கும்தான்” என்பார். அதற்கே பாதிப் பேர் தெளிந்துவிடுவார்கள்.

வலிப்பு நோயில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வலிப்பு வந்தவருக்கு அந்த நேரத்தில் நடந்தது எதுவும் தெரியாது. டாக்டரும் பார்த்திருக்க மாட்டார். ஆகவே, பக்கத்தில் இருந்து பார்த்தவர் யாரோ அவரைக் கூட்டிக்கொண்டு வராத நோயாளியைத் திருப்பி அனுப்பிவிடுவார். பார்த்தவர் வந்ததும், “சொல்ல வேணாம், செஞ்சு காட்டுங்க” என்பார். பெரும்பாலானவர்கள் கூச்சப்படுவார்கள். உடனே இவர் வெள்ளைக் கோட்டோடு தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். “நான்தான் உங்க தம்பி. எந்தக் கை முதல்ல இழுத்துச்சு? அந்தக் கையைப் புடிச்சு நீங்களே இழுங்க.” ஒரு பெரியவர் பேராசிரியரின் தலையைப் பிடித்து வலப்பக்கமாகத் திருப்பி, கண்ணை மேலே ஏற்றச் சொல்லி, “இல்ல சார், இன்னும் வாய் கோணணும்” என்று திருத்தியதை நானே பார்த்திருக்கிறேன். அவர் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, மூளையின் எந்த மூலையில் கோளாறு என்று எங்களிடம் சொல்லுவார். பிறகு வந்த ஸ்கேன் பத்துக்கு எட்டு தடவை அவர் சொன்ன மூலையைத்தான் காட்டியது.

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் தொடங்கியதுதான் எங்கள் அறக்கட்டளை. மயிலாப்பூரில் மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதி. வலிப்பு நோயாளிகளுக்கு வைத்தியம், கூடவே ஆராய்ச்சி. புதன்கிழமைதோறும் கிளினிக். நோயாளிகளுக்குத் தரும் அட்டையில் தன் வீட்டுப் போன் நம்பரைத் தன் கையாலேயே எழுதிக் கொடுப்பார். அவருக்கு எழுபத்தைந்து முடிந்து, நான் இயக்குநராக வந்தபோது நான் முதலில் நிறுத்தியது அதைத்தான்.

அதில் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஓர் ஆராய்ச்சி நிறுவனம் ஒருவருடைய வீட்டுப் போனை நம்பி நடக்கக் கூடாது, எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. தனியாக ஒரு செல்போன் வாங்கி, அதற்கு ‘ஆய்வுப் போன்’ என்று பெயரும் வைத்தோம். நோயாளிகளின் விவரமெல்லாம் அதில் இருந்ததால் அது அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று விதி எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பகலில் ஒருங்கிணைப்பாளர் சுகந்தியின் மேசையில் இருக்கும். வேலை முடிந்து கிளம்பும்போது டிராயரில் சார்ஜில் போட்டுப் பூட்டிவிட்டுப் போவாள். அலுவலகம் மூடியிருக்கும் நேரத்தில் யாராவது கூப்பிட்டால் யார் எடுப்பது என்று அந்த விதியில் ஒரு வரியும் இல்லை. ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

செல்வியும் அவள் அக்கா கன்னியம்மாவும் எங்களிடம் வந்தது அதற்கு அடுத்த வருடம். அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்தார்கள். செல்விக்கு முப்பது வயது இருக்கும். கட்டியவன் அவளுக்கு ஒருமுறை வலிப்பு வந்ததைப் பார்த்துவிட்டுப் போனவன், திரும்பி வரவில்லை. தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் விற்பனைப் பெண். கன்னியம்மா தரமணியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங்.

பேராசிரியர் முறைப்படி நான் அக்காவைச் செய்து காட்டச் சொன்னேன். கன்னியம்மா கூச்சப்படவில்லை. நாற்காலியில் நேராக உட்கார்ந்து, கண்ணைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, வாயை மெல்வதுபோல அசைத்தாள். வலது கை மடியில் கிடந்த முந்தானையை எடுத்து மடித்து, நீவி, மறுபடி மடித்தது. ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு எழுந்தாள்.

“கண்ணு தொறந்துதான் கீது டாக்டரம்மா. ஆனா உள்ள ஆளு இல்ல. கடையில இவ பொடவ மடிச்சிக்கினு கீறானு நெனச்சிக்கிறாங்க. கஸ்டமர் கேக்கறதுக்கு பதில் சொல்லாம மடிச்சிக்கினே கீறியேன்னு சூப்பர்வைசர் திட்றான். அதுக்கோசரம்தான் இட்டாந்தேன்.”

இதைவிடத் தெளிவாக எந்த மருத்துவப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. செல்வி பக்கத்தில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் கட்டியிருந்த புடவையைப் பார்த்து, “இது ரெண்டு தீபாவளிக்கு முன்னாடி வந்த டிசைன் மேடம். எங்க கடையில எடுக்கல நீங்க. எங்க கடையில இதுல மெரூன் பார்டர் கிடையாது” என்றாள். வாடிக்கையாளர்களின் முகம், அவர்கள் போன வருடம் எடுத்த நிறம், அவர்கள் மகளுக்கு எது பிடிக்காது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மூன்றாம் மாடியில் அவளைத் தேடிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள் என்று கன்னியம்மா பெருமையாகச் சொன்னாள்.

அப்போது நாங்கள் ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தோம். வலிப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் இரண்டு மருந்துகளில் எது நம் ஊர் ஜனங்களுக்கு நன்றாகப் பிடிக்கிறது என்று பார்க்கும் ஆய்வு. இரண்டும் நல்ல மருந்துதான். ஆனால் யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியக் கூடாது, டாக்டருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே இரண்டையும் ஒரே மாதிரி வெள்ளைக் கேப்சூலில் அடைத்து, டப்பாவில் ஓர் எண் மட்டும் ஒட்டினோம். மருந்தின் பெயர் இருக்காது. எந்த எண் எந்த மருந்து என்பது ஒட்டிய உறைகளில், இரண்டு சாவி போட்ட இரும்பு பீரோவில் இருந்தது. ஆபத்து என்றால் இயக்குநர் கையெழுத்துப் போட்டு, நேரத்தைக் குறித்து, அந்த ஒருவருடைய உறையை மட்டும் திறக்கலாம். ஆபத்து வந்தால் கூப்பிட வேண்டிய நம்பர் என்று அட்டையில் ஆய்வுப் போனின் நம்பரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தோம்.

செல்வி சேர்ந்தாள். ஐந்து மாதம் ஒரு வலிப்புகூட இல்லை. கன்னியம்மா எனக்கு ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்தாள்.

பங்குனியில் ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு அவர்களுக்கு ஊருக்கு வெளியே குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரியில் சாமான் ஏற்றி இறக்கிய குழப்பத்தில் செல்வியின் மருந்து டப்பா தொலைந்துவிட்டது. புதன்கிழமை கிளினிக்கில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. கடையில் வாங்க அவர்களுக்கு மருந்தின் பெயர் தெரியாது. தெரியாமல் வைத்தது நாங்கள். அந்தப் புதன்கிழமைதான் கோயிலில் அறுபத்து மூவர் உற்சவம்.

மயிலாப்பூரில் அறுபத்து மூவர் அன்று யாரும் யாருக்கும் வைத்தியம் பார்க்க முடியாது. வண்டி வராது, ஆட்டோ வராது, மனிதர்களே ஒருவர் மேல் ஒருவர்தான் நகர்வார்கள். வழக்கம்போல கிளினிக் இல்லை என்று போர்டு வைத்தோம், எல்லோருக்கும் செய்தியும் அனுப்பினோம். அதற்குப் பதிலாக வருடாவருடம் அலுவலக வாசலில் அறக்கட்டளையின் பேனரைக் கட்டி நீர்மோர் கொடுப்போம். நானும் நிற்பேன். உண்மையைச் சொன்னால் எனக்கு வருடத்தில் மிகவும் பிடித்த நாள் அது. இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் என் மேற்பார்வை. அன்றும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலை பத்து மணியிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பகல் பன்னிரண்டு மணிக்குச் செல்விக்கு வலிப்பு வந்தது. நிற்பதற்குள் அடுத்தது வந்தது. கன்னியம்மா ஆட்டோ பிடித்துப் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே பணியில் இருந்த இளம் டாக்டர் செய்ய வேண்டியதையெல்லாம் சரியாகச் செய்தார். ஊசி போட்டார், நின்றது, மறுபடி வந்தது. ஒரு மருந்து திடீரென்று நின்றதால் வரும் வலிப்புக்கு அந்த மருந்தையே திருப்பிக் கொடுப்பதுதான் பல சமயம் குறுக்குவழி. என்ன மருந்து என்று கேட்டார். கன்னியம்மா எங்கள் அட்டையை நீட்டினாள். அதில் ஓர் எண் இருந்தது. அவர் எங்கள் போனுக்கு அடித்தார். கன்னியம்மாவும் அடித்தாள்.

போன் நல்ல நிலையில் இருந்தது. சார்ஜும் முழுதாக இருந்தது. சுகந்தியின் டிராயருக்குள் அது அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் நின்ற இடத்திலிருந்து அந்த டிராயருக்கு இருபதடி இருக்கும். நடுவில் ஒரு சுவரும் பூட்டிய கதவும், வீதியில் மேளமும். நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை சுகந்தி டிராயரைத் திறந்துவிட்டு, கையில் போனோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். போனை என்னிடம் நீட்டினாள். முப்பத்தொரு அழைப்பு இருந்தது. பன்னிரண்டு நாற்பதுக்கு ஆரம்பித்து மாலை ஆறுவரை, கன்னியம்மாவின் நம்பரும் ஓர் ஆஸ்பத்திரியின் நம்பரும் மாறி மாறி.

நான் பீரோவைத் திறந்தேன். இரண்டாவது சாவி சுகந்தியிடம். அதையும் நானே வாங்கித் திறந்தேன். செல்வியின் உறையை எடுத்து, நேரத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கிழித்தேன். உள்ளே இருந்த பெயர், எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் பெயர். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொன்னேன். இரவே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குக் குழாய் வைத்து வலிப்பை நிறுத்திவிட்டார்கள், இனிமேல் இதற்கு அவசரமில்லை என்றார்கள். போனை எடுத்த பெண் டாக்டர் மரியாதையாகத்தான் சொன்னார்.

ஐ.சி.யு. வாசலில் கன்னியம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“அடிச்சுக்கினே இருந்தேன் டாக்டரம்மா. ரிங்கு போவுது, போவுது, ஒருத்தரும் எடுக்கல. அந்தப் பையன் டாக்டர் பாவம், அவனும் அடிச்சான். எங்க இருந்த நீ?”

வரும் வழியெல்லாம் இந்தக் கேள்விக்கு என்னென்னவோ பதில் தயார் செய்திருந்தேன். நிர்வாகக் குறைபாடு, விடுமுறை நாள், இப்படி. அவள் முகத்தைப் பார்த்ததும் அவை எதுவும் வாயில் வரவில்லை.

“ஆபீஸ் வாசல்லதான் இருந்தேன். போன் உள்ள பூட்டியிருந்துச்சு. அப்படிப் பூட்டி வெக்கணும்னு சொன்னது நான்தான். நான் வெளியில நின்னு எல்லாருக்கும் மோர் ஊத்திக்கிட்டு இருந்தேன்.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி ஐ.சி.யு. கதவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

செல்வி ஒன்பதாம் நாள் கண் விழித்தாள். அக்காவைத் தெரிந்தது. தன் பெயர் தெரிந்தது. என்னைத் தெரியவில்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். பழையது பெரும்பாலும் இருந்தது. புதிதாக எதுவும் தங்கவில்லை. மூளையில் ஞாபகத்தைப் பதிய வைக்கும் பகுதி நீண்ட வலிப்பைத் தாங்காது. இது முதல் வருட மாணவனுக்கும் தெரிந்த விஷயம். ஞாபகத்தையே பிழைப்பாக வைத்திருந்த ஒருத்திக்கு அது நடந்தது, என் விதியால் நடந்தது.

அறங்காவலர் கூட்டத்தில் எங்கள் சேர்மன், நல்ல மனிதர்தான், “லீவுன்னு போர்டு வெச்சோம், மெசேஜ் அனுப்பினோம். மாத்திரையைத் தொலைச்சது அவங்க. நம்ம மேல என்ன இருக்கு?” என்றார். வக்கீலாக இருந்த இன்னொருவர், எதையும் எழுத்தில் கொடுக்காதீர்கள் என்றார். நான் ஏற்கெனவே எழுதி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, நகலோடுதான் கூட்டத்துக்கே போயிருந்தேன். ஒரு பக்கம்தான். யார் விதி எழுதியது, போன் எங்கே இருந்தது, இயக்குநர் எங்கே இருந்தார், மூன்றும் அதில் இருந்தன. ராஜினாமாக் கடிதமும் கூடவே வைத்திருந்தேன்.

கூட்டத்துக்குப் பேராசிரியர் வந்திருந்தார். கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு, என் ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அவர் போன் நம்பர் வழக்கத்தை நான் நிறுத்தியதை இப்போது சொல்லிக்காட்டுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

“எங்க வீட்டு நம்பரைக் குடுத்தேனே, நான் எடுத்தேன்னா நெனச்சே? நான் பாதி நாள் ஊர்லயே இருக்க மாட்டேன். என் சம்சாரம் ரோஸிதான் எடுப்பா. எடுத்து, யார் யாரையோ புடிச்சு, பேஷண்டை எங்கயோ சேர்த்துட்டு, ராத்திரி சாப்பாடு போடும்போது எனக்குச் சொல்லுவா. அவ பேரை நான் எந்த ரிப்போர்ட்லயும் போட்டதில்ல.” அந்தப் பக்கத்தை மேசையில் வைத்துவிட்டு, “அந்த நம்பரை நிறுத்தி நீ என்னை எடுக்கலம்மா. அவளைத்தான் எடுத்துட்டே. அது உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல” என்றார்.

பிறகு அந்தப் போன் எங்கே என்று கேட்டு வாங்கி, என் முன்னால் வைத்தார். ராஜினாமாக் கடிதத்தை அவர் படிக்கவே இல்லை.

கன்னியம்மாவிடம் நான் எழுதிய பக்கத்தைப் படித்துக் காட்டினேன். வேறு எங்கேயாவது வைத்தியம் பார்த்துக்கொள்வதென்றால் எல்லா ஏற்பாடும் செய்கிறேன், வழக்குப் போடுவதென்றால் இந்தக் காகிதத்தையே வைத்துப் போடலாம் என்றேன்.

“வேற எங்க போறது? மறுபடி மொதல்லருந்து செஞ்சு காட்டிக்கினு இருக்கணுமா?” என்றாள். “நீ கெடுத்த. நீயே பாரு.”

அதற்குப் பிறகு நாங்கள் மாற்றியவை எல்லாம் இப்போது பிரபுவுக்கு மனப்பாடம். போன் இரண்டு, இரண்டு டாக்டர்களின் உடம்போடு இருக்கும். டப்பாவில் எண்ணோடு, இது இந்த இரண்டு மருந்துகளில் ஒன்று என்று பெயர்கள் இருக்கும். கையிருப்பாக ஒரு வார மருந்து, தனி டப்பாவில், பக்கத்து வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ. உறைகளின் இன்னொரு பிரதி, எப்போதும் திறந்திருக்கும் ஓர் ஆஸ்பத்திரியில். ஆய்வை ஏழு மாதம் நிறுத்திவிட்டுத்தான் மறுபடி தொடங்கினோம். முடிவு என்னவென்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு மருந்தும் ஏறத்தாழ ஒன்றுதான்.

முதல் போனை நான் ஓய்வு பெறும்வரை வைத்திருந்தேன். கல்யாண வீட்டில், சினிமாவில், பெண்ணின் பிரசவ அறை வாசலில், எங்கும் இடுப்பில் இருக்கும். “எனக்குப் போட்டிக்கு ஒருத்தன் வந்துட்டான்” என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். செல்வியை ஜவுளிக்கடைக்காரர்கள் அனுப்பிவிடவில்லை. கீழே கிடங்கில் புடவை மடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். கைக்கு ஞாபகம் இருக்கிறது. மடிப்பு அப்படியே கத்தி மாதிரி விழும் என்று கன்னியம்மா சொல்வாள். மாதம் ஒருமுறை அக்காவோடு வருவாள். என் புடவையைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள்.

ஒவ்வொரு அறுபத்து மூவர் அன்றும் பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு ஆய்வுப் போன் அடிக்கும். கன்னியம்மா. முதல் வருடம் நான் பதறிப்போய் எடுத்து, “செல்விக்கு என்ன?” என்றேன்.

“அவ நல்லாத்தான் கீறா. எங்க கீற நீ?”

“ஆபீஸ்ல.”

“சரி” என்று வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான் பேச்சு. எல்லா வருடமும் அதே கேள்வி, அதே பதில், அதே ‘சரி’. வாசலில் பந்தலும் மோரும் வழக்கம்போல உண்டு, ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நான் அங்கே நின்றதில்லை. உள்ளே என் அறையில் போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாதாமாதம் கிளினிக்குக்கு வரும்போது அவளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. மோர் என்ற வார்த்தை எங்கள் இருவருக்கும் நடுவில் வந்ததே இல்லை.

பிரபு வந்து கேட்டுவிட்டுப் போன அடுத்த மாதம் இந்த வருட அறுபத்து மூவர் வந்தது, நான் ஓய்வு பெற்ற பிறகு முதலாவது. போன் அவனிடம். கன்னியம்மாவைப் பற்றி அவனிடம் நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. சொல்லி எடுக்க வைப்பதில் என்ன இருக்கிறது. காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டு நாற்பது ஆயிற்று. ஐம்பது ஆயிற்று. அவனைக் கூப்பிடுவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு செல்போனைச் சோபாவில் கவிழ்த்து வைத்தேன்.

ஒரு மணிக்கு அது அடித்தது. எடுத்துப் பார்த்தால், பதினேழு வருடம் என் இடுப்பில் இருந்த நம்பர்.

“மேடம், கன்னியம்மான்னு ஒருத்தங்க கூப்பிட்டாங்க” என்றான் பிரபு. பின்னால் மேளச் சத்தத்தில் கத்தித்தான் பேசினான். “நம்ம செல்வியோட அக்காவாமே. எமர்ஜென்சியானு கேட்டேன், இல்லன்னாங்க. ‘யாரு நீ’ன்னாங்க. பேர் சொன்னேன். ‘எங்க கீற’ன்னாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“உள்ளதைச் சொன்னேன். ஆபீஸ் வாசல்ல மோர்ப் பந்தல்ல நிக்கறேன், ஒரு கையில போன் இருக்கு, ஒரு கையில மோர் ஊத்திக்கிட்டு இருக்கேன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன். அப்புறம், ‘சரி நைனா, ஊத்து’ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க.”

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“என்ன மேடம் அது? எனக்கு ஒண்ணும் புரியல. ஏன் அப்படிக் கேட்டாங்க?”

“அதெல்லாம் எழுதித் தரேன், படிச்சுக்கோ” என்றேன். “முதல்ல இந்தப் போன்ல என்கூடப் பேசறதை நிறுத்து. வை. யாராவது கூப்பிடுவாங்க.”